ஸ்டாப் பேக்

என் பெயர் அழகுமுத்து. அழகும் இல்லை, முத்தும் இல்லை என்று என் மனைவி சொல்வாள். தொழிலைச் சொன்னால் அவளுக்கு இன்னும் வசதி. கேடி. ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொலிஸ் பட்டியலில் பெயர் இருப்பவன் என்று அர்த்தம். கோல்ஃப் மைதானத்தில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவன் என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக டன்வெர்ன் கிளப்பில் அடுத்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடக்கிறேன். அவர்கள் பந்தை அடிப்பார்கள், நான் தேடுவேன். அவர்கள் காற்றைத் திட்டுவார்கள், நானும் சேர்ந்து திட்டுவேன். அடி நன்றாக விழுந்தால் காற்றை யாரும் நினைப்பதில்லை.

டன்வெர்ன் பெரிய கிளப் அல்ல. நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி வான் வண்டியில் அரை மணி நேரம் மேலே ஏறினால், தேயிலை மலைகளுக்கு நடுவில் ஒன்பது குழி. அதையே இரண்டு தடவை சுற்றினால் பதினெட்டு. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வருவார்கள். மட்டையும் பையும் கிளப் வாடகைக்குக் கொடுக்கும். தூக்குவதற்கு நாங்கள் பதினான்கு பேர். எங்கள் கொட்டகையில் காலையில் ஆள் பிரிப்பதைத் தோட்டத்துப் பழக்கத்தில் பெரட்டு என்றுதான் சொல்வோம். பெயர் எழுதும் பெரட்டுக் கொப்பி வீரய்யா அண்ணன் கையில். அவர் கேடிகளுக்குத் தலைவர். அதாவது எங்களைப் போலவே ஒரு ஆள், கையில் பேனா இருக்கும்.

இந்த வருடம் மார்ச் மாதம் அந்தக் கொப்பிக்குள் ஒரு கடுதாசி வந்தது.

கிளப்புக்குப் புதிதாக எட்டுப் பைகள் வரப்போகின்றன. கொழும்புக் கம்பனி ஒன்று தன் பெயரைப் பையில் பொறித்து இனாமாகத் தருகிறது. எந்த வகைப் பை வேண்டுமென்று கேடிகளிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்று கமிட்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் அப்படித்தான் செய்வார்களாம். ஆகவே ஒரு தாள். இங்கிலீசில் நான்கு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். படம் இல்லை, எடை இல்லை, அளவு இல்லை. சட்டைத் துணி வாங்கப் போனவனிடம் துணியைக் காட்டாமல் துணியின் பெயரை மட்டும் சொல்லி, எதை வெட்டட்டும் என்று கேட்பதுபோல.

"அழகு, நீதான் இங்கிலீசு படிச்சவன். வாசி" என்றார் வீரய்யா அண்ணன்.

நான் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எஸ் எடுத்தவன். பாஸ் என்றால் பாஸ்தான். பத்தொன்பது வருடமாக அந்த எஸ்ஸை வைத்துக்கொண்டுதான் கொட்டகையில் ராஜ்யம் நடத்துகிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"ஸ்டேண்ட் பேக். கார்ட் பேக். கேரி பேக். ஸ்டாப் பேக்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பைகளைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் தோளுக்குத் தெரிந்த அளவு அந்தக் கம்பனிக்காரனுக்கும் தெரியாது. ஆனால் எங்களிடம் எங்கள் பெயர்கள்தான் இருந்தன. கீழே வைத்ததும் இரண்டு கால் நீட்டி நிற்பது காலு பை. மெலிந்தது பென்சில் பை. உருட்டுவண்டியில் வைப்பது வண்டிப் பை. அப்புறம் பீப்பா என்று ஒன்று உண்டு. டெலிவிஷனில் பெரிய ஆட்டக்காரர்கள் பின்னால் கேடி தூக்கிக்கொண்டு நடப்பானே, அது. ஒரு தடவை கொரியாக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். சோலைமலையும் நானும் மாற்றி மாற்றித் தூக்கி, மறுநாள் இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பமுடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினோம்.

தாளில் முதல் மூன்றும் எனக்குப் புரிந்துவிட்டன. நான்காவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஸ்டாப்.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் சும்மா ஒரு இங்கிலீசுச் சொல் அல்ல. கிளாக்கர், டீமேக்கர், கண்டாக்கு என்று மாதச் சம்பள உத்தியோகத்தர் எல்லாம் ஸ்டாப். அவர்களுக்கு ஸ்டாப் குவாட்டர்ஸ், எங்களுக்கு வரிசையாக ஒட்டிய லயம். ஸ்டாப் பிள்ளைகள் மழைக்குக் குடை பிடித்துப் பள்ளிக்கூடம் வருவார்கள், நாங்கள் உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டு வருவோம். ஸ்டாப் வீட்டு நாய்கூட எங்களைப் பார்த்தால் ஒரு குரைப்பு கூடுதலாகக் குரைக்கும்.

கிளப்பிலும் அதே கதைதான். போன வருடம் நாங்கள் பதினான்கு பேரும் சேர்ந்து, எங்களுக்கும் ஈ.பி.எஃப். வேண்டும், ஒரு கக்கூஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். பதில் ஒரே வரியில் வந்தது. 'கேடிகள் இக்கழகத்தின் ஸ்டாப் அல்லர், ஒருபோதும் இருந்ததுமில்லை.' அதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஒருபோதும் என்ற இடத்தை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

அப்படியிருக்க, அதே கிளப்பிலிருந்து, எங்கள் பெயருக்கு வந்த தாளில், ஸ்டாப் பேக் என்று எழுதியிருந்தால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்?

"வெளங்குதா?" என்றேன். "கடுதாசில நேரா சொல்ல வெக்கம். அதனால சுத்தி வளைச்சு சொல்றாங்க. ஸ்டாப்புக்குன்னே செஞ்ச பை. இதுக்கு டிக் போட்டா, நாம ஸ்டாப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு ஈ.பி.எஃப். கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?"

சோலைமலை கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவன் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

சுதர்ஷினி. எங்களில் ஒரே பெண். இரண்டு வருடம் முன்புவரை கொழுந்து பறித்தவள். அவள் வந்த புதிதில் நாங்கள் சிரித்தோம். முதல் வாரத்திலேயே பந்து விழுந்த இடத்தைக் கண்ணாலேயே ஆணி அடித்தாற்போல் பிடித்துவைப்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினோம். வருகிற வெள்ளைக்காரப் பெண்கள் அவளைத்தான் கேட்பார்கள்.

"அந்தப் பைய பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"பாக்கணுமா? பேர்லயே இருக்கே."

"பேர தோள்ல மாட்ட முடியாதுண்ணே. தோட்டத்துல கொழுந்துக் கூடைய தூக்கிப் பாக்காம நாங்க எடுக்க மாட்டோம். காலு பைனா நமக்குத் தெரியும். அதுக்குப் போடுங்க."

"தங்கச்சி, இது கூடை இல்ல. இது உரிமை."

இப்படிப்பட்ட வசனம் எனக்கு எங்கிருந்துதான் வருமோ. பதிமூன்று கைகள் மேலே போயின. சுதர்ஷினி கையை மடியிலேயே வைத்திருந்தாள். பதிமூன்று கையெழுத்துடன் தாள் போயிற்று. ஸ்டாப் பேக்குக்கு எதிரே இருந்த கட்டத்தில் டிக் போட்டது இந்தக் கைதான். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம், சீசன் தொடங்குவதற்கு முன், லொறி வந்தது. எட்டுப் பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு மேலே வந்தது. சோலைமலை முதல் பெட்டியைக் கிழித்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, "பீப்பா" என்றது.

எட்டும் பீப்பா. பளபளவென்று வெள்ளைத் தோல், பக்கவாட்டில் கம்பனியின் பெயர், வாய் அகலம் பால் கேன் அளவு. காலும் இல்லை. கீழே வைத்தால் விழுந்துவிடும், பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். சுதர்ஷினி ஒன்றைத் தூக்கினாள். தோளில் மாட்டி, இரண்டு அடி நடந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கொழுந்து பறித்தவர்களுக்குத் தராசு தேவையில்லை. நிறுவையில் கணக்கப்பிள்ளையோடு வருடக்கணக்காகச் சண்டை போட்ட தோள் அது.

"வெறும் பை அஞ்சரை கிலோ. மட்டை, பந்து, குடை, தண்ணிப் போத்தல் எல்லாம் போட்டா பதினெட்டு." பையை இறக்கிவைத்தாள். "பதினெட்டு கிலோ கொழுந்து எடுக்க முடியாம அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டாங்கன்னுதானே அண்ணே நான் மலைய விட்டு வந்தேன்? அந்தப் பதினெட்டையே பொட்டி கட்டி லொறில கொண்டுவந்து எறக்கிட்டீங்களே."

நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சோலைமலைகூடச் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

பழைய காலு பைகளையே தூக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாதாம். வாடகைப் பை எல்லாவற்றிலும் கம்பனியின் பெயர் தெரியவேண்டும் என்று ஒப்பந்தமாம். பழைய பைகள் ஸ்டோரில் பூட்டப்பட்டன. அடுத்த நாள் பெரட்டில் இன்னொரு அறிவிப்பு. புதிய பைகள் பாரமானவை என்பதால், பாதுகாப்பு கருதி, பெண்களுக்குப் பை கொடுக்கப்படமாட்டாது. பெண்கள் என்று பன்மையில் எழுதியிருந்தார்கள். இருந்தது ஒருத்திதான். சுதர்ஷினிக்கு மைதானத்தில் சருகு கூட்டும் வேலை. சீசன் முடிய யோசிப்பார்களாம்.

பை பாரமாக இருந்தால் பையை மாற்று. ஆளை மாற்றுவது எந்த ஊர் நியாயம்?

வீரய்யா அண்ணன் கொப்பியில் அவள் பெயர்மேல் கோடு இழுத்தார். சுதர்ஷினி ஈர்க்குமாறை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க இங்கிலீசு இருக்கே, அத அப்படியே மடிச்சுப் பொட்டிக்குள்ள வச்சிருங்க. வெளிய எடுக்காதீங்க. ஆளக் கொல்லுது."

இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அன்று மத்தியானமே பஜாருக்குப் போனேன். கமிட்டியில் சாமான் வாங்கும் பொறுப்பு கோகுலராஜ் சேரிடம். பஜாரில் அப்பா காலத்துத் துணிக்கடை அவருக்கு. நம்ம ஆள், தமிழ் பேசுகிறவர், விளங்கப்படுத்தினால் விளங்கும் என்று ஒரு நம்பிக்கை. கடையில் வெட்டுத்துணி மேசைக்கு முன்னால் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. முக்காலி இருந்தது, அதில் ஒரு ரோல் சீத்தைத் துணி உட்கார்ந்திருந்தது.

"என்னப்பா அழகு? பை கிழிஞ்சிருச்சா?"

"கிழியல சேர். நாங்க செத்தாலும் அது கிழியாது. அதான் பிரச்சினை. ஒரு சின்ன தப்பு நடந்து போச்சு."

"தப்பா? நீங்கதானே கேட்டீங்க. பதிமூணு பேர் கையெழுத்து, ஃபைல்ல இருக்கு. கம்பனிக்காரன் விலை குறைஞ்சத குடுக்கப் பாத்தான். எங்க கேடிங்க கேட்டது இதுதான்னு நான் சண்டை போட்டு வாங்கினேன், தெரியுமா?"

அவர் உண்மையாகவே பெருமையாகச் சொன்னார். அதுதான் என்னால் தாங்கமுடியாமல் போனது. எங்களுக்காக ஒரு மனிதர் முதல் தடவையாகச் சண்டை போட்டிருக்கிறார், அதுவும் எங்கள் முதுகுக்கு எதிராக.

"சேர், நாங்க ஸ்டாப்புன்னா... ஸ்டாப்புக்குக் குடுக்குற பைனு நெனச்சிட்டோம்."

"என்னது?"

"கிளாக்கர், சமையல் கோக்கி, அந்த மாதிரி ஸ்டாப். எங்கள ஸ்டாப்பா எடுக்கப் போறீங்களாக்கும்னு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் கை ஊன்றி, குனிந்து, கண்ணைத் துடைத்து, திரும்ப என்னைப் பார்த்து, திரும்பச் சிரித்தார். கடைப் பையன்களும், எதற்கென்று தெரியாமலே, முதலாளி சிரிக்கிறார் என்று சிரித்தார்கள்.

"கம்பனிக்கு விளையாடுற பெரிய ஆட்டக்காரங்களத்தான் ஸ்டாஃப்னு சொல்வாங்கப்பா, இது அவங்க பை! நீ... நீங்க ஸ்டாஃப்!"

"சரி சேர், சிரிச்சது போதும். சுதர்ஷினிக்கு மட்டும் ஒரு பழைய பையக் குடுங்க. அந்தப் புள்ள வீட்டுல அடுப்பு எரியறது சீசனுக்கு வர்ற ஆளுங்கள நம்பித்தான். தப்பு என்னோடது. அவ கைகூடத் தூக்கல."

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம். நான் என்ன செய்ய?" மறுபடி கண்ணைத் துடைத்தார். "இத கிளப் கேப்டன்கிட்ட சொல்லணும்."

சொன்னார். ஒருவரிடம் அல்ல. இரண்டு நாளில் கிளப் முழுக்க அந்தக் கதை. ஆடவருகிற கனவான்கள் என்னைப் பார்த்ததும், "ஆ, நீதானா அந்த ஸ்டாஃப்?" என்பார்கள். ஒருவர் எனக்கு சல்யூட் அடித்தார். சிரிக்கவைப்பது என் பிழைப்பில் பாதி. பந்து தண்ணீரில் விழுந்தால் மீனுக்கும் விளையாட ஆசை சேர் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், கோபம் தணியும். அப்படி நானாகக் கொடுத்த சிரிப்பு வேறு. இது என் பொக்கற்றுக்குள் கைவிட்டு எடுத்த சிரிப்பு. பதினெட்டுக் கிலோவைச் சுமந்துகொண்டு ஏழாம் குழி ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, முன்னால் கைவீசி நடக்கிறவர் திரும்பிப் பார்த்து, "என்ன ஸ்டாஃப், களைப்பா?" என்று கேட்கிறார். அந்தப் பையாலேயே ஒன்று போட்டிருப்பேன். தூக்கி ஓங்க முடிந்தால்தானே.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் நான் பொங்கினேன். கமிட்டியை, கம்பனியை, இங்கிலீசைக் கண்டுபிடித்தவனை, எனக்கு எஸ் போட்ட வாத்தியாரை, எல்லாரையும் வரிசையாகப் பிடித்து ஏசினேன். சுதர்ஷினி வாசலில் ஈர்க்குமாறைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதாண்ணே?" என்றாள்.

"இல்ல. இன்னும் இருக்கு."

"மிச்சத்த வீட்டுல போய் அண்ணிக்கிட்ட ஏசுங்க. நாளைக்குத் தொடக்க ஆட்டம். கம்பனிப் பெரியவரு வர்றாரு, ஃபோட்டோ எடுக்குறாங்க. அந்தப் பைக்கு என்ன பேரு?"

"ஸ்டாப் பேக். ஏன், ஒனக்கும் சிரிக்கணுமா?"

"நாம யாரு?"

"கேடி."

"நாம ஸ்டாப்பா?"

"இல்லேன்னு எழுதியே குடுத்திருக்கானுங்களே."

"அப்ப ஸ்டாப் பேக்க ஸ்டாப்பு தூக்கட்டும். நாம எதுக்குத் தொடணும்?"

சோலைமலை வெற்றிலையை மெல்வதை நிறுத்தினான். வீரய்யா அண்ணன் பேனாவை மூடினார். "புள்ள சொல்றதுல ஞாயம் இருக்கு" என்றார். பிறகு, தலைவர் என்பது நினைவு வந்து, "ஆனா நான் இத கேக்கல" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை பனி விலகி வெயில் ஏறியிருந்தது. முதல் குழிக்குப் பக்கத்தில் எட்டுப் பீப்பாக்களையும் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கம்பனிப் பெரியவர் வெள்ளைத் தொப்பியுடன், கேப்டன், கோகுலராஜ் சேர், இன்னும் ஐந்து பேர். ஃபோட்டோ முடிந்தது. முதல் அடி அடித்தார்கள். கைதட்டினோம், அதில் குறை வைக்கவில்லை.

"ம், எடுங்க" என்றார் கோகுலராஜ் சேர்.

பதிமூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். கொஞ்சம் தள்ளி சுதர்ஷினி சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் சருகே இல்லை.

"என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எடுங்க!"

பேசும் வாய் என்னுடையது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஓரடி முன்னால் வந்தேன்.

"இது ஸ்டாப் பேக் சேர். நாங்க ஸ்டாப் இல்ல."

"அழகு, விளையாடுற நேரமா இது?"

"விளையாடல சேர். கிளப்பே கடுதாசி தந்திருக்கு. ஸ்டாப் இல்ல, ஒருபோதும் இருந்ததும் இல்ல. ஸ்டாப்போட சாமான நாங்க எடுத்தா நாளைக்குக் களவுன்னு சொல்லிருவீங்க. பழைய பையக் குடுங்க, இப்பவே எடுக்கிறோம். அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு குடுங்க."

கம்பனிப் பெரியவர் என்ன விஷயம் என்று கேட்டார். கேப்டன் அவர் காதருகில் ஏதோ சொல்லி, சின்னக் குழப்பம் என்பதுபோல் கையை ஆட்டினார். முகம் சிவந்துவிட்டது. ஒரு கேடியிடம் தோற்பதற்கா அவர் கேப்டன் ஆனார்? "கோல் த ஸ்டாஃப்" என்று கத்தினார். அதை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு இருக்கவில்லை.

ஸ்டாப் வந்தது. ஒபீஸ் கிளாக்கர் கழுத்துப்பட்டியுடன் வந்தார். பார்க்காரர் வந்தார். கோக்கி ஏப்ரனைக் கழற்ற மறந்து வந்தார். வாச்சர், தோட்டக்காரர், டெலிபோன் எடுக்கும் தம்பி, டிரைவர் என்று ஏழு பேர் சேர்ந்தார்கள். எட்டாவது பைக்கு ஆள் இல்லை. கோகுலராஜ் சேர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் தன் பையைத் தானே மாட்டிக்கொண்டார்.

நாங்கள் கயிற்றுக்கு வெளியே, பாதை ஓரமாக, கூடவே நடந்தோம். வேடிக்கை பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. முதல் குழியில் எல்லாரும் நன்றாகத்தான் நடந்தார்கள். இரண்டாம் குழியில் கிளாக்கர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கோபம் அவர்மேல் இல்லை. மூன்றாம் குழி ஏற்றத்தில் கோக்கி பையைக் கீழே போட்டுவிட்டு, சிங்களத்தில், தான் சமைக்க வந்தவன் என்பதைக் கொஞ்சம் உரக்கவே தெரிவித்துவிட்டு, இறங்கிப் போனார். அவருக்குப் பின்னால் பார்க்காரரும் போனார். போகும்போது சோலைமலை தோளைத் தட்டி, "மேக தமயி உம்பலா உஸ்ஸன்னே?" என்றார். இதைத்தானா நீங்கள் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி.

கோகுலராஜ் சேர் நான்காம் குழிவரை வந்தார். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே பை வழுக்கி, மட்டைகள் சரிவில் கலகலவென்று உருண்டன. அவர் புல்லில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கயிறு ஓரத்தில் நின்றேன். சிரிக்கவேண்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. அந்தத் தோள் வலி எனக்குத் தெரியும். எங்கே பிடித்தால் விடும் என்றும் தெரியும்.

"எத்தனை கிலோப்பா இது?" என்றார் என்னைப் பார்த்து.

"பதினெட்டு சேர். சந்தேகம்னா அந்தப் புள்ளகிட்ட கேளுங்க. அதுதான் நிறுத்துச்சு."

அவர் சுதர்ஷினியைக் கூப்பிடவில்லை. ஆனால் ஸ்டோர்ச் சாவியை வீரய்யா அண்ணனிடம் கொடுத்தார்.

பழைய பைகள் வெளியே வந்தன. கம்பனியின் பெயரை ஒட்டுத் துணியில் அடித்து அவற்றின்மேல் ஒட்டினால் ஒப்பந்தத்துக்குப் போதும் என்று கம்பனிப் பெரியவர் சொல்லிவிட்டாராம். இவ்வளவுதான் விஷயம். ஒரு ஒட்டுத் துணி. அதை முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் ஒரு பெண்ணின் கையில் ஈர்க்குமாறு ஏறியிருக்குமா? எட்டுப் பீப்பாக்களும் இப்போது கிளப் வாசல் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. வருகிறவர்கள் அவற்றில் ஈரக் குடையைச் செருகுகிறார்கள்.

ஸ்டோரிலிருந்து சுதர்ஷினி தன் பையை எடுத்ததைப் பார்க்கவேண்டும். ஐந்து பைகளைத் தூக்கி, மாட்டி, நடந்து, இறக்கிவிட்டு, ஆறாவதை எடுத்தாள். அவசரப்படவில்லை. வாசலில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கேப்டனும் காத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு? ஒழுங்கீனம், கனவான்கள் முன்னிலையில் வாய்க்கொழுப்பு. சீசன் முடியும்வரை என்னைப் பெரட்டில் சேர்க்கக் கூடாது. ஸ்டாப்பாக இருந்திருந்தால் விசாரணை வைத்திருப்பார்களாம். நான் ஸ்டாப் இல்லை என்பதால் அதுவும் தேவையில்லையாம். வீரய்யா அண்ணன் தலை குனிந்து சொன்னார். நான் அவரைத் தேற்றவேண்டியதாகப் போயிற்று.

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். நான்காம் நாள் மனைவியே, "தயவு செஞ்சு எங்கயாச்சும் போயிட்டு வாங்க" என்றாள். கால் வேறு எங்கே போகும்? மைதானத்து வேலி ஓரமாக, ஏழாம் குழி ஏற்றத்துக்குக் கீழே, ரோட்டில் நின்றேன். சுதர்ஷினி காலு பையுடன் ஏறிக்கொண்டிருந்தாள். முன்னால் அந்த வெள்ளைக்காரப் பெண். என்னைப் பார்த்ததும் சுதர்ஷினி வேலிப் பக்கம் இரண்டு அடி வந்தாள்.

"என்னண்ணே, வேல வெட்டி இல்லாத மனுசனுக்கு இங்க என்ன வேடிக்க? வீட்டுல போய் அண்ணிக்குத் தேங்காயாச்சும் துருவிக் குடுங்க."

"துருவிட்டேன். வெரட்டிட்டா."

"நாளைக்குக் காலைல பெரட்டுக்கு வாங்க."

"பேரு இல்லையே தங்கச்சி."

"வாங்கன்னா வாங்க. வீரய்யா அண்ணன் பேரு போடுவாரு. போட விடலைன்னா நாங்க பதிமூணு பேருக்கும் காய்ச்சல். சோலைமலையண்ணன் இப்பவே இருமிப் பழகுறாரு."

எனக்கு மூக்கு நனைந்தது. மலைக் குளிர்.

"என்ன காய்ச்சல்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"டெங்கு வேணாம்ண்ணே, ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. சாதா காய்ச்சல் போதும்" என்றாள். மேலேயிருந்து வெள்ளைக்காரப் பெண் கூப்பிட்டாள். சுதர்ஷினி பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, பந்து விழுந்த இடத்தைக் கையால் காட்டியபடி ஏறினாள்.